பர்லியாரில் இருபத்திரண்டு நிமிடம்

அனுப்புநர்:
கா. பாலகுமார் (வயது 43),
த/பெ. காத்தமுத்து,
4/112, வண்டிச்சோலை,
குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம்.

பொருள்: குன்னூர் – மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இறங்கும் எண்ணெய் டேங்கர் லாரிகள் பிரேக் ஆறுவதற்காக நிற்பதைக் குற்றமாகக் கருதாதிருக்கவும், ஒரு குறிப்பிட்ட வண்டியை உடனே சோதிக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. நான் பதினோரு ஆண்டுகளாகக் கோவை டிப்போவில் பெட்ரோல், டீசல் ஏற்றி, குன்னூர், உதகை, குந்தா பகுதி பங்க்குகளில் இறக்கி வந்த டேங்கர் லாரி ஓட்டுநர். கடந்த ஜூலை முதல் எனக்கு வேலை இல்லை. வேலை போனதற்காக அழுதுகொண்டு வந்தவன் என்று எண்ணி இந்த மனுவைத் தயவுசெய்து கீழே வைத்துவிட வேண்டாம். வேலையையும் கேட்கத்தான் போகிறேன், ஆனால் கடைசியில். நான் ஓட்டிய அதே வண்டியை இப்போது என் தங்கையின் கணவர் முத்துராஜ் ஓட்டுகிறார். அந்த வண்டியின் பிரேக்கை யாராவது பார்க்க வேண்டும். முதல் கோரிக்கை அதுதான்.

2. மலை ஏறும்போது டேங்கர் நிறைந்திருக்கும், ஆனால் பயம் இல்லை. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் ஆபத்து. குன்னூரிலிருந்து இரண்டாவது கியரில் இறங்கினாலும் காட்டேரி, மரப்பாலம் தாண்டுவதற்குள் பிரேக் டிரம் சூடேறிவிடும். சூடேறிய பிரேக் பிடிக்காது. மேலும், காலி டேங்கர் என்பது பெயருக்குத்தான் காலி. உள்ளே பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கும், அது நிறைந்த டேங்கரைவிடச் சீக்கிரம் தீப்பிடிக்கும். ஆகவே எங்களுக்கு முன்னால் ஓட்டியவர்கள் காலத்திலிருந்தே பர்லியாரில் சாலை அகலமாக உள்ள இடத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு நிற்பது வழக்கம். தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் டிரம் வெடிப்பு விடும். சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்துப் பார்ப்போம். கையை எடுக்காமல் பத்து வரை எண்ண முடிந்தால் கிளம்பலாம். அதற்கு இருபது நிமிடமாவது ஆகும். அதற்குக் கீழே கல்லாறு வரை உள்ள கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்கள் காரில் போகும்போது பார்த்திருப்பீர்கள்.

3. சென்ற ஆண்டு எங்கள் ஒப்பந்த நிறுவனம் எல்லா வண்டிகளிலும் ஜி.பி.எஸ். கருவி பொருத்தியது. வழியில் எண்ணெய் திருட்டைத் தடுக்க என்றார்கள். தடுக்கட்டும், அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் பட்டியலில் இல்லாத இடத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் "அனுமதியற்ற நிறுத்தம்" என்று கம்ப்யூட்டரில் ஏறிவிடும். பட்டியலில் டிப்போ உண்டு, பங்க் உண்டு, மேட்டுப்பாளையத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. பர்லியார் இல்லை. அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் இந்த மலையில் ஒரு நாளாவது லாரியில் இறங்கியிருந்தால் சாப்பாட்டுக் கடையை எடுத்துவிட்டுப் பர்லியாரைப் போட்டிருப்பார்.

4. இதில் எங்கள் தவறும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் கட்டையை எடுத்து வண்டியைப் பத்தடி நகர்த்தி மறுபடியும் நிறுத்துவோம். கம்ப்யூட்டர் அதைப் புது நிறுத்தமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தோம். சில மாதம் அப்படித்தான் ஓடியது. பிறகு கண்டுபிடித்துவிட்டார்கள். அதன்பின் பலரும் ஒன்பதாவது நிமிடத்திலேயே, டிரம் கொதிக்கக் கொதிக்க, இறங்கிப் போகப் பழகிவிட்டார்கள். நானும் அப்படிப் போயிருக்கிறேன். அந்த நாட்களில் எல்லாம் மேட்டுப்பாளையம் சேர்ந்ததும் "விதிமீறல் இல்லாத பயணம், பாராட்டுகள்" என்று செல்போனில் குறுஞ்செய்தி வரும். வண்டியைச் சுற்றி பிரேக் லைனர் கருகிய நாற்றம் அடித்துக்கொண்டிருக்கும்.

5. 12.07.2025 சனிக்கிழமை மரப்பாலத்துக்குக் கீழே இடது பின்சக்கரத்தில் புகை வந்தது. பர்லியாரில் நிறுத்தினேன். கை வைத்துப் பார்த்தேன், ஒன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். இருபத்திரண்டு நிமிடம் நின்றேன். அந்த நேரத்தில் எதிரே இருந்த பழக்கடையில் என் மனைவி ரேணுகாவுக்காக அரைக் கிலோ மங்குஸ்தான் வாங்கினேன். அதை நிறுவனத்தின் பறக்கும் சோதனைக்காரர் படம் எடுத்துவிட்டார். விசாரணையில் மேலாளர், "பிரேக் சூடுங்கிறீங்க, கையில பழப் பை இருக்குதுங்களே. பழம் வாங்கத்தானுங்க நின்னீங்க?" என்று கேட்டார். பழம் வாங்கியது உண்மை. வெறும் கையோடு நின்றிருந்தால் பிரேக் சீக்கிரம் ஆறியிருக்குமா என்று நான் திருப்பிக் கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். காலி டேங்கரில் திருட என்ன இருக்கிறது என்றும் கேட்டேன். அடியில் மிச்சம் இருக்கும் என்றார். டிப்போவுக்குள் நுழையக் காட்ட வேண்டிய என் ஓட்டுநர் அட்டை அன்றே முடக்கப்பட்டது. அது எல்லா நிறுவனங்களுக்கும் கம்ப்யூட்டரில் தெரியும் என்பதால் வேறு எவரும் எனக்கு டேங்கர் தருவதில்லை.

6. மறுவாரமே அந்த வண்டிக்கு முத்துராஜை எடுத்தார்கள். அவர் நல்ல ஓட்டுநர். ஆனால் என் கதியைப் பார்த்தவர் என்பதால் பர்லியாரில் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. நேரில் போய்ச் சொன்னேன். "நின்னா எனக்கும் உங்க கதிதான் மச்சான். ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கேன்" என்றார். நான் ஓட்டிய காலத்திலேயே இடது பின்சக்கரத்து லைனரை மாற்றக் கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். மாற்றவில்லை. இது முத்துராஜுக்கும் தெரியும்.

7. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. 19.08.2025 செவ்வாய் அன்று பேருந்தில் பர்லியார் போய்க் காத்திருந்தேன். வண்டி வந்தபோது அதே சக்கரத்தில் புகை வந்துகொண்டிருந்தது. சாலையில் இறங்கிக் கையைக் காட்டினேன், கத்தினேன். முத்துராஜ் என்னைப் பார்த்தார். பார்த்தும் நிறுத்தவில்லை. நான் ஓரத்துக்கு ஒதுங்கினேன், அவர் வண்டியை ஒதுக்கி ஓட்டிப் போய்விட்டார். மறுநாள் வண்டியை மறித்ததாக நிறுவனம் என்மீது புகார் கொடுத்தது. இனி அந்த வண்டியின் குறுக்கே போக மாட்டேன் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். காவலர்கள் மரியாதையாகவே நடத்தினார்கள், டீயும் கொடுத்தார்கள்.

8. என் தங்கை கனகமணி அன்று மாலை வீட்டுக்கு வந்தாள். "என் புருசனுக்கு வேல கெடச்சது ஒனக்குப் பொறுக்கலயா அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனவள் பிறகு பேசவில்லை. அவள் சொன்னதில் பொய் இல்லை. முதல் வாரம் எனக்குப் பொறாமை இருந்தது. அந்த வண்டியின் ஹாரன் சத்தம் எனக்குத் தெரியும், கேட்டால் வயிறு எரியும். இப்போது கேட்டால் கடிகாரத்தைப் பார்க்கிறேன். வளைவுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணி, வண்டி கல்லாறு சேர்ந்திருக்கும் என்று தோன்றும் வரை சோறு இறங்குவதில்லை.

9. ஆகவே ஐயா அவர்கள் கருணையுடன்,

(அ) அந்த வண்டியை (பதிவு எண் தனித்தாளில் இணைத்துள்ளேன்) மலையிலிருந்து இறங்கும் முன் நிறுத்தி, பிரேக்கைப் போக்குவரத்து ஆய்வாளரைக் கொண்டு சோதிக்கவும்,
(ஆ) பர்லியாரில் டேங்கர்கள் அரை மணி நேரம் நிற்பதை அனுமதித்த நிறுத்தமாக நிறுவனங்கள் ஏற்கும்படி உத்தரவிடவும்,
(இ) என் அட்டையைத் திரும்பப் பெற ஆவன செய்யவும்

வேண்டுகிறேன். மூன்றையும் செய்ய இயலாது என்றால் (இ) காத்திருக்கட்டும். (அ) காத்திருக்க முடியாது.

10. இன்று திங்கட்கிழமை. நாளை பிற்பகல் மூன்றரை மணியளவில் அந்த வண்டி குன்னூரிலிருந்து இறங்கும். மனுவின் மீது உரிய துறைக்கு அனுப்பப்பட்டது என்று எழுதி, அது மேசை மேசையாகப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்பது எனக்குத் தெரியும். தங்களிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு போனால் போதும். அது நடக்காத பட்சத்தில், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்ததை மீறி நாளை பர்லியாரில் சாலையின் நடுவில் நான் நிற்பேன் என்பதையும், இம்முறை ஒதுங்க மாட்டேன் என்பதையும் பணிவுடன் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: உதகமண்டலம்
நாள்: 25.08.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
கா. பாலகுமார்