வண்டியை ஏற்றிவிட்டேன், மச்சான்

என் அருமை மச்சான் பாஸ்கருக்கு,

வண்டியை ஏற்றிவிட்டேன். நீ வற்றிய ஏரியில் ஓட்டிய அதே உயரத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசி நட்டை இறுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கால் தரைக்கு எட்டவில்லை, பெருவிரல் நுனி மட்டும் தடவுகிறது. உன் நெட்டைக் காலுக்குச் செய்த வண்டி எனக்கு எப்படி எட்டும்?

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் சொல்கிறேன், சொன்னால்தான் எனக்கு ஆறும். உனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டிங் வேலை, எனக்கு அங்கேயே ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் மெக்கானிக் கடை. உன் தங்கச்சி கலாவை எனக்குக் கட்டிக்கொடுத்த கையோடு என்னையும் உன் பைத்தியத்துக்குள் இழுத்துவிட்டாய். ரோட்டில் ஓடிய பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைப் பிரித்து, புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் அலைந்து நீளமான ஷாக் அப்சார்பர் வாங்கி மாட்டி, முண்டு முண்டான பட்டன் டயர் போட்டு, மண்ணில் ஓட்டவென்றே இரண்டு பேரும் கட்டினோம். அயப்பாக்கம் பக்கம் ஏரி வற்றுகிற மாதங்களில் கரை மேட்டிலிருந்து அதைப் பறக்கவிடுவாய். நான் கரையிலிருந்து கத்துவேன். நீ பல்லைக் காட்டுவாய்.

ஒரு நாள் நீ பறந்து வந்து இறங்கிய இடத்தில் ஈரம் இருந்தது. வண்டி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். எலும்பு முறிந்து இடுப்பில் தகடு வைத்தார்கள். அதற்கப்புறம் கால் நீ சொன்னபடி கேட்கவே இல்லை. அந்த உயரத்தில் உன்னால் ஏறவும் முடியாது, நிறுத்தினால் ஊன்றவும் முடியாது.

"கொஞ்ச நாளைக்கு எறக்கிக் குடு மாப்ளே. கால் சரியானதும் ஏத்திக்கலாம். ஆனா ஒண்ணு, எதையும் அறுக்கக் கூடாது. அத்தினியும் திரும்ப மாட்டணும்" என்றாய்.

அப்படியே செய்தேன். பின்னால் குட்டை ஷாக் மாட்டினேன். முன்னால் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் குழாயை மேலே தள்ளி இறுக்கினேன். தட்டையாக ஒரு சீட்டு தைத்து வாங்கினேன். கழற்றியதையெல்லாம் கிரீஸ் தடவிக் கோணிப்பையில் கட்டிப் பரண்மேல் போட்டேன். சைடு ஸ்டாண்டில்தான் தகராறு வந்தது. வண்டி இறங்கிவிட்டதால் ஸ்டாண்டு நீளமாகிப்போய், வண்டி சாயாமல் நெட்டுக்குத்தாக நின்றது. லேசாகக் கை பட்டாலே அந்தப் பக்கம் விழுந்தது. கொஞ்சம் அறுத்துவிடலாமா என்றுதான் கேட்டேன். அப்பப்பா, என்ன கோபம் உனக்கு!

"இன்னா, நான் இனிமே ஏறவே மாட்டேன்னு முடிவு பண்ட்டியா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாய். அன்றிலிருந்து வண்டியைச் சுவரில்தான் சாய்த்து வைத்தோம்.

அப்புறம் ஒரு நாள் வந்து பார்த்தால் வண்டி ஸ்டாண்டிலேயே ஒழுங்காக நிற்கிறது. "எஸ்டேட்ல பழைய சாமான்ல குட்டை ஸ்டாண்டு ஒண்ணு மாட்டுச்சு மாப்ளே. நம்மளது அந்தக் கோணிப்பையில பத்ரமா கீது" என்றாய். நம்பினேன். அந்தத் தாழ்ந்த வண்டியில் டீக்கடை வரைக்கும் போய்த் திரும்பும்போதெல்லாம் "அடுத்த வருசம் ஏரி வத்தட்டும்" என்பாய். அதையும் நம்பினேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், என் மச்சான் அடுத்த வருஷம் பறக்கப்போகிறான் என்று.

தகடு வைத்த இடத்தில் சீழ் பிடித்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வந்தது துணி சுற்றித்தான். கடைசியாக நான் பார்க்க வந்தபோதும் "வண்டிய ஏத்தி வை" என்றாயே, அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பரணிலிருந்து கோணிப்பையை இறக்கியபோது கலா தடுத்தாள். "ஏங்க, அத எதுக்குங்க இப்ப நோண்டிக்கினு கீறீங்க? யாரு ஓட்டப்போறா?" உங்கண்ணன் கேட்டதாச்சே என்றேன். உள்ளே போய்விட்டாள்.

பைக்குள் ஷாக் இருந்தது, சீட்டு இருந்தது, எங்கே தேடியும் நம் நீள ஸ்டாண்டு மட்டும் இல்லை. மற்றதையெல்லாம் மாட்டி ஏற்றிய பிறகு, இருக்கிற குட்டை ஸ்டாண்டில் நிறுத்திப் பார்ப்போம் என்று மெல்லக் கையை எடுத்தேன். வண்டி இடது பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்து, தடாலென்று விழுந்தது. தூக்கக் குனிந்தபோது ஸ்டாண்டின் நடுவில் வெல்டிங் ஒட்டு தெரிந்தது. வரிசை பிசகாமல், பொடிப்பொடியாக. உன் கை ஒட்டு எனக்குத் தெரியாதா மச்சான்? பழைய சாமானாவது ஒன்றாவது. நம் ஸ்டாண்டையே நடுவில் ஒரு துண்டு அறுத்து எடுத்துவிட்டு ஒட்டியிருக்கிறாய்.

சத்தம் கேட்டுக் கலா ஓடி வந்தாள். நான் ஸ்டாண்டைத் தொட்டுக் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"அண்ணந்தான் அறுத்துது. நாந்தான் புடிச்சிக்கினு இருந்தேன்" என்றாள். "இனிமே வண்டில பறக்கறதெல்லாம் அவ்ளோதான்னு டாக்டர் அப்பவே சொல்ட்டாரு. 'மாப்ள கிட்ட சொல்லாத கலா, அவன் ஏத்திடலாம்னு நம்பிக்கினு கீறான், ஒடஞ்சி பூடுவான்'னுச்சு."

இத்தனை நாளும் உனக்குத் தைரியம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே! அண்ணனும் தங்கையும் சேர்ந்து என் காதில் பூ சுற்றியிருக்கிறீர்கள். உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. திட்டலாமென்றால் ஆள் இல்லை. அறுக்கும்போது என்ன நினைத்தாய் மச்சான்? அழுதாயா? கலாவிடம் கேட்டேன், அவள் சொல்லமாட்டேன் என்கிறாள். ஆஸ்பத்திரியில் "ஏத்தி வை" என்றது உன் ஆசையா, எனக்குக் கொடுத்த ஆறுதலா?

ஏரி இந்த வருஷம் வற்றிவிட்டது. போய்ப் பார்த்தேன். நீ பறந்த மேட்டை லாரி வைத்து வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் மனைக்கல் நட்டிருக்கிறது. நீ இருந்திருந்தாலும் பறக்க இடமில்லை.

ஸ்டாண்டை உன் ஒட்டில் அறுத்து, நடுவில் துண்டு வைத்து நீட்டுவது சின்ன வேலை. ரம்பத்தைக் கையில் எடுத்தேன், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். வண்டி இப்போது பழையபடி சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. டயரில் காற்று இறங்கிக்கொண்டிருக்கிறது, நான் அடிக்கவில்லை.

உன் ஒட்டை அறுக்க மாட்டேன், மச்சான். அடுத்த வருஷம் என்று இனி யாரிடமும் சொல்லவும் மாட்டேன். இது சத்தியம்.

நீ கடைசிவரைக்கும் உடையாமல் பார்த்துக்கொண்ட
உன் தங்கச்சி புருஷன்,
தனபால்