இரவல் ரயர்கள்

முருங்கன்
14.07.2013

அன்புள்ள மகன் அகிலனுக்கு,

நானும் அம்மாவும் நோயின்றி இருக்கிறோம். கத்தார் வெயிலில் நீயும் அவ்வாறே இருக்க வேண்டுமென்பதே எங்கள் வேண்டுதல். முற்றத்தில் நிற்கும் உன் வானை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டுமென்று கேட்டிருந்தாய். வாடகைக்கு ஓடும் வாகனத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை தகுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டும். உன்னுடையது ஐப்பசி வரை செல்லும். ஆனால் அந்தக் கடதாசியில் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது.

சென்ற செவ்வாய்க்கிழமை பெரியமடுவிலிருந்து பிள்ளைகளை ஏற்றி வந்த ஹலீமின் பள்ளிக்கூட வான், முன் ரயர் வெடித்து வாய்க்காலுக்குள் சரிந்தது. பதினொரு பிள்ளைகள் சிராய்ப்போடு தப்பினார்கள். ஹலீமின் மகள் ஸஜானாவுக்கு வலக்கை இரண்டு இடத்தில் முறிந்து, இங்கே ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பொலிசார் சான்றிதழைப் பார்த்து, மூன்று மாதத்துக்கு முன் எடுத்தது, வாகனத்தில் பிழையில்லை, வீதிதான் பிழை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்தச் சான்றிதழ் வந்த விதம் எனக்குத் தெரியும். போர் முடிந்து மீள்குடியேறிய நாள் முதல் இங்கே ஒரு வழக்கம்: பரிசோதனை நாளில் நல்ல ரயர்களை இரவல் வாங்கிப் பூட்டிக்கொண்டு போய், மாலையில் கழற்றிக் கொடுப்பது. சித்திரையில் ஹலீம் வந்து, "ஐயா, ஒரு நாளைக்குத்தான், அஸர் தொழுகைக்கு முந்தித் திருப்பித் தாறன்" என்றார். இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்தவருக்கு அந்த வானைத் தவிர வேறு பிழைப்பு இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, உன் வானின் நான்கு ரயர்களையும் என் கையாலேயே கழற்றிக் கொடுத்தேன். "கந்தோரிலை முத்திரை சரிஞ்சாலும் படிவத்தைத் திருப்பி அனுப்புற மனுசன் இவர்" என்று என் அலுவலகக் கண்டிப்பைச் சொல்லி அம்மா கேலி செய்தா. மாலையில் ஹலீம் தன் தேய்ந்த ரயர்களைத் திரும்பப் பூட்டியதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்றுத் தொலைபேசியில் இதைச் சுருக்கமாகச் சொன்னபோது, "பொலிசே விட்டிட்டாங்கள், நீங்கள் ஏன் அப்பா கிளறுறீங்கள், என்ரை வானின்ரை பெமிற்றும் போயிடும்" என்றாய். அந்த அனுமதிப்பத்திரம் போகலாம்தான். ஆனால் இவ்வாறே சான்றிதழ் பெற்ற இன்னும் ஐந்து வான்கள் நாளைக் காலையும் அதே வீதியில் பிள்ளைகளை ஏற்றி ஓடும். ஆகவே நடந்ததை ஒரு வாக்குமூலமாக எழுதி, பொலிசில் ஒப்படைக்குமுன் ஹலீமிடம் காட்டவென்று இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோன்போடு கட்டிலருகே இருந்தவர் இரண்டு தரம் வாசித்தார். "நீங்கள் தந்தனீங்கள் எண்டு மட்டும் எழுதியிருக்கிறீங்கள் ஐயா. நான் கேட்டனான் எண்டும் எழுதுங்கோ. ஏன் வாப்பா வெடிச்சது எண்டு பிள்ளை கேட்டவள், இன்னும் மறுமொழி சொல்லேல்லை" என்றார். எழுதினேன். அதன் கீழே அவரும் கையொப்பமிட்டார்.

நாளை காலை ஒப்படைப்பேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது, ஆனால் தயக்கம் இல்லை. வான் உன் பெயரில் இருப்பதால் உன்னிடமும் கேட்பார்கள். நடந்ததை நடந்தபடி சொல்ல மறவாதே. நேரத்துக்குச் சாப்பிடு. திருக்கேதீச்சரத்தான் உன்னைக் காக்கட்டும்.

உன் நலம் நாடும் அப்பா,
சி. இரத்தினம்