கறுப்புப் பக்கத்து முள் ரப்பர்

இன்று காலை என் வீட்டுக்காரரின் கட்டிலுக்கு அடியில் நான் கூட்டும்போது துடைப்பத்தில் கறுப்பாக ஏதோ வந்தது. எறும்பு என்றுதான் நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் என் பிங்பாங் பேட்டின் முள். கறுப்புப் பக்கத்து ரப்பரில் குட்டிக் குட்டியாக நெருக்கமாக நிற்குமே, அதில் ஒன்று. அவர் பக்கத்தில் உட்காரும் நேரமெல்லாம் பேட்டை மடியில் வைத்துக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போல. நடுவில் ஒரு இடம் சொட்டையாகிவிட்டது.

மார் வலிக்குது என்று, என்கூட ஜோடியாக ஆடின நீ ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராமல் போனதிலிருந்து இந்தப் பழக்கம்.

இந்த ரப்பரை வாங்கிய நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கிள்ளானிலிருந்து ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனோம். மாடியில் பிங்பாங் சாமான் கடை. சீனக் கடைக்காரர் மலாயில், "எப்படி விளையாடுவீங்க?" என்று என்னைத்தான் கேட்டார். பதில் சொன்னது நீ. எனக்கோ உன்னுடையது மாதிரி வழவழப்பான ரப்பர் மேல்தான் ஆசை. பந்தைப் பிடித்துச் சுழற்றி விடுமே, அது.

"உனக்கு எதுக்குடி அது? அது ஓடி ஓடி அடிக்கிறவளுக்கு. நீ மேசைகிட்ட போஸ்ட்டு மரம் மாதிரி நிப்ப."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையுறை ஃபேக்டரியில் உன்கூட லைனில் நின்றேன். வேலையை விட்ட பிறகு, படுக்கையில் விழுந்த வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கிறேன். விளையாட்டிலுமா நிற்கணும்? கடையிலேயே கேட்டுவிட்டேன். நீ சிரித்தாய்.

"நிக்கிறவளுக்குன்னே செஞ்ச ரப்பர்டி இது. எதிர்ல உள்ளவ சுத்தி விடுறத இந்த முள்ளு அவளுக்கே திருப்பி விட்டுரும். பயந்துபோய் பந்தத் தூக்கிக் குடுப்பா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அப்படியேதான் நடந்தது. ஜோடியாக ஆடும்போது ஒருத்தி மாற்றி ஒருத்திதான் அடிக்கணும். நான் திருப்பி விடுவேன். பந்து குடிகாரன் மாதிரி தள்ளாடிப் போகும். எதிரில் உள்ளவர்கள் எப்படியோ தூக்கிப் போடுவார்கள். நீ அறைவாய். "ஐயோ, மறுபடியும் அந்தக் கறுப்புப் பக்கமா!" என்று எத்தனை பேர் தலையில் கை வைத்தார்கள்!

சனிக்கிழமை சாயங்காலம், ஃப்ளாட்டுக்குக் கீழே இருக்கிற மண்டபத்தில் ஒரு மணி நேரம். வாரத்தில் எனக்கென்று இருந்தது அவ்வளவுதான். நீ கதவுக்கு வந்து நின்றால்தான் அவர் என்னை விடுவார். "வந்துட்டாங்கப்பா உலக சாம்பியன்" என்று படுத்தபடியே குத்துவார். "ஒரு மணி நேரம் விடுங்கண்ணே, ஒடைக்காம கொண்டாந்து சேர்க்கிறேன்" என்பாய் நீ. அவருக்கே சிரிப்பு வந்துவிடும். பக்கத்து வீட்டு ஆன்டி வந்து அவரோடு உட்காருவார்.

இப்போது கதவுக்கு யாரும் வருவதில்லை. "இனிமே யாரு கூட ஆடப் போற?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். கெட்ட மனசில் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அதைக் கேட்டதும் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கே போக?

ஃப்ளாட் டீமில், புதிதாகக் குடிவந்த ஒரு பெண்ணோடு என்னைச் சேர்த்தார்கள். அவளுக்கும் முள் ரப்பர்தான். இரண்டு பேரும் நின்று நின்று திருப்பி விட்டோம். பந்து நல்ல உயரத்தில் வரும், அறைய ஆள் இல்லை. போன வாரம் அவள் சொன்னாள்: "அக்கா, ஒருத்தராவது அடிக்கணும் லா. நான் இப்பதான் இத வாங்குனேன். நீங்க மாத்துங்களேன். இல்லாட்டி டீம்ல வேற ஆள போட்டுருவாங்க."

டீமில் நான் இல்லையென்றால் ஆன்டி எதற்கு வந்து உட்காருவார்? அந்த ஒரு மணி நேரமும் போய்விடும். அதனால்தான் இன்று ஆன்டியிடம் கெஞ்சி, காலையிலேயே ரயில் ஏறினேன்.

அதே கடைக்காரர், அதே கேள்வி. "நான் திருப்பி விடுவேன். அப்புறம் அவ அடிப்பா" என்று வாய் முந்திக்கொண்டது. அவர் எனக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தார், உன்னைத் தேடி. "இனிமே வர மாட்டா" என்றேன். அவர் வழவழப்பான ரப்பர் ஒன்றை எடுத்து வைத்தார். முள் ரப்பரை ஓரத்திலிருந்து மெதுவாகத்தான் உரித்தார். நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அந்தப் பெண், "கை பழகட்டும் அக்கா, நாம ரெண்டு பேரும் எதிரெதிரா ஆடிப் பாப்போம்" என்றாள். முதல் பந்து எகிறிச் சுவரில் போய் அடித்தது. பிறகு ஒன்றிரண்டு மேசையில் விழுந்தன. ஆனால் ஒவ்வொரு பந்தையும் அடித்தவுடனே என் கால் தானாக இடப்பக்கம் ஒரு எட்டு விலகியது. நான் விட்ட இடத்தில் பந்து வந்து விழுந்து, என்னைத் தாண்டிப் போனது.

"ஏன் அக்கா ஒதுங்குறீங்க? நீங்க தனியாத்தானே ஆடுறீங்க?"

நான் பந்தைப் பொறுக்கப் போனேன். அடித்ததும் ஒதுங்கி, உனக்கு இடம் விட்டே பழகிய கால் இது.

அடுத்த சனிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். புது ரப்பருக்குக் கை பழகிவிடும். நீ இல்லை என்று காலுக்கு எப்படிச் சொல்வது, அதுதான் எனக்குத் தெரியவில்லை.