தேறிய பூச்சியம்

என் அன்பு அண்ணைக்கு,

நீங்கள் போன பிறகு நான் உங்களோடு கதைக்கவில்லை. கோபம் ஒன்றுமில்லை, சொல்ல எதுவும் வரவில்லை. இன்று ஒரு செய்தி இருக்கிறது. நீர்வேலியில் எங்கள் வாழைத் தோட்டத்தைக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

வாழைக்குப் பதிலாக அங்கே சூரிய மின் தகடுகள் நிற்குமாம். வெளிவிடும் கரியையும் உறிஞ்சும் கரியையும் இரண்டாயிரத்து ஐம்பதுக்குள் சமப்படுத்திக் காட்டுவதாக நாடு உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கின் ஆவணத்தைத் தமிழுக்கு மாற்றியவர்களில் நானும் ஒருவன், என் உத்தியோகம் அது. செலவு கழித்து மிஞ்சுவதைத் தேறிய இலாபம் என்கிறோமே, அந்த முறையில் 'நெற் சீரோ' என்பதைத் 'தேறிய பூச்சியம்' என்று எழுதினேன்.

போன கிழமை சனசமூக நிலையத்தில் கூட்டம். மின் திட்டத்தின் அதிகாரி அந்தச் சொல்லை வாசித்ததும் அண்ணி என் பக்கம் சாய்ந்தார்.

"தேறின பூச்சியமோ? பூச்சியம் எடுத்தவன் எந்தப் பள்ளிக்கூடத்திலை தம்பி தேறினவன்?"

பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். முகம் அசையவில்லை.

யோசித்தால், அந்தப் பரீட்சையில் நாங்கள் எப்போதோ தேறிவிட்டோம். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. ஜாம் போத்தலுக்குள் எரிந்த திரியில் நான் படித்தேன். நீங்கள் கிணற்றில் துலா மிதித்து வாழைக்கு இறைத்தீர்கள். அப்போது எங்களைப் பாராட்ட ஒருவரும் வரவில்லை.

பிறகு, நாடு கடனில் விழுந்து எரிபொருள் கிடைக்காத அந்த ஆண்டு. இறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் வாங்கப் பிளாஸ்ரிக் கானோடு வெயிலில் நின்றீர்கள். வரிசையிலேயே சரிந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வான் வண்டி கேட்டுப் பக்கத்துத் தோட்டத்துக் கணேசிடம் ஓடினேன். "டாங்கியிலை டீசல் சொட்டும் இல்லையடா" என்றான். மறுநாள் அந்த வான் உங்கள் செத்தவீட்டைத் தாண்டிக் கலியாண வீட்டுக்குப் போனது. அந்த ஆண்டு நாட்டின் புகை குறைந்திருக்கும்தானே அண்ணை? அந்தக் குறைவில் உங்களையும் சேர்த்திருப்பார்களா?

கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து கைதட்டியவன் அதே கணேஸ்தான். தன் காணியைத் திட்டத்துக்குக் கொடுத்துவிட்டானாம். எங்கள் காணி உங்கள் பெயரிலும் என் பெயரிலும் இருப்பதால் என் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. அவன் கொடுத்தான் என்பதற்காகவே நான் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். அவர் கறிக்கு வாழைப்பொத்தி அரிந்துகொண்டிருந்தார்.

"ஓம், நீர் கோவிச்சுக்கொண்டு இரும். உம்மடை கோவம் வந்து தண்ணி இறைக்குமே? எனக்கு முழங்கால் ஏலாது. கூலிக்கும் ஆள் வாறதில்லை. அவையள் குத்தகை தருவினம். நான் அதிலை சீவிப்பன்."

"அண்ணை இருந்தால் விடுவாரோ?"

"கொண்ணை இருந்தால் நான் ஏன் உம்மைக் கேக்கிறன்?"

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

இன்று காலை அதே அதிகாரி பத்திரங்களோடு வீட்டுக்கு வந்தார். வயது குறைந்த பிள்ளை, மரியாதையாகத்தான் கதைத்தார். வாழைகளை அடுத்த மாதமே தறிக்க வேண்டுமாம். பாதி வாழைகள் இப்போதுதான் குலை தள்ளியிருக்கின்றன. பிஞ்சுக் குலையோடு ஒரு வாழையைத் தறிக்க நீங்கள் விட்டதில்லை.

"முத்தின பிறகு வாங்கோ" என்றேன்.

"ஐயா, உந்தக் குலையளுக்காகத் திட்டத்தை நிப்பாட்டேலுமே?"

"ரண்டாயிரத்து அம்பது வரைக்கும் தவணை கேட்ட நாடு, தம்பி. ஒரு குலை முத்தும் வரைக்கும் பொறுக்காதோ?"

அவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். குசினிக்குள் அண்ணி சிரிப்பது கேட்டது. "சரி, கேட்டுப் பாக்கிறன்" என்று அதிகாரி எழும்பினார். கேட்பாரோ தெரியாது. கையெழுத்தில்லாத பத்திரத்தோடுதான் போனார்.

கையெழுத்து வைப்பேன், அண்ணை. அண்ணி சீவிக்க வேண்டும். ஆனால் கடைசிக் குலை முற்றி இறங்கும்வரை வைக்க மாட்டேன். அதுவரை அண்ணி இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் திருப்பிவிடுவது என் வேலை. கணேசோடு மட்டும் கதைக்க மாட்டேன். அதை நீங்களும் என்னிடம் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பின் பிறந்த தம்பி