உன் மெஷின் ஏன் விழுகிறது என்று தெரியவில்லை

இன்று காலை மெமரி கார்டின் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் உதிர்ந்த றப்பர் தூளின் வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. நாம் இருவரும் கணினி திருத்திய கடையில் அந்த வாசனை எப்போதும் உன் மேசைப் பக்கம்தான் இருக்கும். நான் திருப்புளியைத் தேடும்போது நீ அழிறப்பரைத் தேடுவாய். இப்போது உன் மேசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன், முன்னால் உன் மெஷின். தேய்த்து மாட்டி ஓடவிட்டேன். இருபது நிமிடம் போகவில்லை, மறுபடியும் நீலத் திரை காட்டி விழுந்துவிட்டது.

வாடிக்கையாளர்கள் விட்டுப்போன பழைய பாகங்களைச் சேர்த்து நீ கட்டிய மெஷின் இது. நீ போய் எட்டு மாதமாகிறது. மூன்று கிழமைக்கு முன் உன் மகள் இதைத் தெமோதரையிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தாள். படிப்பு எல்லாம் இதில்தானாம். பாதி எழுதும்போதே விழுந்துவிடுகிறதாம். கடையில் இருக்கும் நல்ல மெஷின் ஒன்றைத் தருகிறேன் என்றேன். "வேணாம் சித்தி, எனக்கு அம்மா செஞ்சதுதான் வேணும். இது நிக்காம ஓடுமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். ஓட வைத்துத் தருகிறேன் என்று வாய் கூசாமல் வாக்குக் கொடுத்தேன்.

விழும்போதெல்லாம் மெஷின் ஒரு கோப்பை எழுதி வைக்கும் அல்லவா, கடைசியாக என்ன நடந்தது என்று. பதினொரு கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டேன். ஒன்று திரையின் டிரைவரைக் குற்றம் சொல்கிறது, அடுத்தது நெட்வேர்க்கை, இன்னொன்று ஹார்ட் டிஸ்க்கை. நீ சொல்வாயே, "பழி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருத்தன் மேல விழுந்தா அவனுங்க யாரும் செய்யலடி, அடியில பாரு" என்று. அடியிலும் பார்த்தேன். மெமரியைப் பகல் முழுக்கச் சோதித்தேன், ஒரு பிழையும் இல்லை. பவர் சப்ளையை மாற்றினேன். உள்ளே இருந்த கோப்புகளைத் தொடாமல் விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். ஒரு நாள் ஓடியது, சரியாகிவிட்டது என்று உன் மகளுக்குப் போன் போட்டும் சொல்லிவிட்டேன். மறுநாள் விழுந்தது. எனக்கு ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது. யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

அந்தப் பள்ளிக்கூட மாஸ்டரின் மெஷின் உனக்கு நினைவிருக்குமே. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான அவர் வீட்டில் தினமும் விழும், கடைக்குக் கொண்டுவந்தால் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். நான் மூன்று பாகத்தை ஒரே தடவையில் மாற்றி அனுப்பினேன். நீ பஸ் ஏறிப் போய் அவர் வீட்டில் மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருந்தாய். பொழுது சாய, பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு ஆட்கள் திரும்பி, வீட்டுக்கு வீடு தேத்தண்ணிக்குக் கரண்ட் கேத்தலைப் போட்டதும் மாஸ்டர் வீட்டு பல்பு மங்கியது, மெஷின் விழுந்தது. முழு லயத்துக்கும் ஒரே வயர். "இருந்த எடத்த விட்டு தூக்கிட்டு வந்து ஏன் விழுந்தேன்னு கேட்டா அது என்னத்தடி சொல்லும்" என்று அன்றைக்கு என்னைக் கிழித்தாய்.

உன் முறை அதுதான். ஒன்றை மட்டும் மாற்றுவாய், காத்திருப்பாய், எழுதி வைப்பாய். என் முறையும் உனக்குத் தெரியும், முதலில் கழற்றுவேன், பிறகுதான் வாசிப்பேன். அதனால்தான் நீ மெஷினுக்குள் எழுதி வைத்திருந்த குறிப்பை மூன்று கிழமையாக நான் திறக்கவே இல்லை. இன்று காலை செய்ய வேறொன்றும் மிச்சமில்லாமல் திறந்தேன்.

முதலில் எல்லாம் மெஷினைப் பற்றித்தான். மழை, பிரிண்டர் ஓடும்போது விழுந்தது. வெயில், சும்மா இருக்கும்போது விழுந்தது. இடையில் ஒரு வரி. "மெஷின் நல்லா ஓடுச்சு. எனக்குத்தான் கண்ணு இருட்டிருச்சு. கதிரைய புடிச்சுக்கிட்டேன்." இரண்டு நாள் கழித்து இன்னொன்று. "மறுபடி. நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு. அவகிட்ட சொன்னேன். பித்தம்ங்கிறா." அதற்குக் கீழே, "இஞ்சித் தேத்தண்ணி குடிச்சுப் பாத்தாச்சு. மூணு நாளு ஒன்னுமில்ல. நாலாம் நாளு மறுபடி."

அந்த மூன்று நாளில் ஒரு நாள், "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று உன்னிடம் பெருமை அடித்தது எனக்கு ஞாபகம் வருகிறது. நம் வீடுகளில் தலை சுற்றினால் பித்தம், நெஞ்சு அடித்தால் வாயு. என் அம்மாவுக்கு அவள் அம்மா சொன்னதை நான் உனக்குச் சொன்னேன். நாலாம் நாளை நீ என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஸ்டேசன் பக்கம் நீ விழுந்து எழும்பாமலே போன அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர், இதயம் பல நாளாகத் தாளம் தப்பி அடித்திருக்க வேண்டும், யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து இல்லை என்று தலையாட்டினேன்.

மத்தியானம் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு தெமோதரைக்குப் பஸ் ஏறினேன். உன் மகளிடம், "எனக்குக் கண்டுபிடிக்க முடியலம்மா" என்றேன். கடையில் எந்த வாடிக்கையாளரிடமும் நான் சொல்லாத பேச்சு. அவள் கோபப்படவில்லை. வயர்களை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"சித்தி, அம்மா அதுல 'அவ'ன்னு எழுதியிருக்கிறது உங்களத்தானே?"

எனக்கு முன்பே வாசித்திருக்கிறாள். வாசித்துவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவந்திருக்கிறாள். "ஆமா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதீங்க சித்தி. அப்பாகிட்டயும் சொல்லல, என்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்காங்க."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அந்த 'மட்டுந்தான்' என்ற சொல்லைச் சுமந்துகொண்டு பதுளைக்கு, நம் கடைக்கு வந்து சேர்ந்தேன். இறக்கி வைக்க இடம் தெரியவில்லை.