ஒரு பெரியவர், ஒரு நாய்

வியன்னா
3 ஜூலை 2005

அன்புள்ள சேதுவுக்கு,

நலம். முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "ம், இருக்கு" என்பீர்கள். அப்புறம் ஏ.சி. ரிப்பேர், வங்கிக் கடிதம் என்று பேசியே போன் கார்டு தீர்ந்துவிடும். கம்ப்யூட்டரில் தமிழில் அனுப்பினால் உங்கள் ஆபீசில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்றீர்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஆராய்ச்சிக்கூடத்தில் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கேட்கிறார்கள். ஜனவரி கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வருஷத்தில் நான் மூன்று முறை கத்தார் வந்துவிட்டேன். நீங்கள் ஒரு முறைகூட இங்கே வரவில்லை. கேட்டால், நாயை யார் பார்ப்பது என்பீர்கள். சரி, மிளகையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கிறிஸ்துமஸுக்கு சால்ஸ்பர்க்கில், நாய்க்கு இடம் தரும் விடுதியில் நாலு நாள் அறை பிடித்திருக்கிறேன். டிசம்பர் 23 முதல். பனி கொட்டும் ஊர். அந்த அறையில் உட்கார்ந்து பேசுவோம். நான் இங்கேயே இருக்கட்டுமா, திரும்பி வரட்டுமா என்று நீங்கள் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

மிளகுக்கு முதலில் கழுத்தில் சிப் வைக்க வேண்டும். அப்புறம் வெறிநாய்த் தடுப்பூசி. முப்பது நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. அதிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வரிசை மாறினால் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்களாம். இப்போதே தொடங்குங்கள்.

அன்புடன்,
கலா

அல் கோர்
22 ஜூலை 2005

அன்புள்ள கலாவுக்கு,

கடிதம் வந்தது. உன் கையெழுத்து இன்னும் டாக்டர் சீட்டு மாதிரிதான் இருக்கிறது. இரண்டு முறை படித்தேன்.

சிப் வைத்தாகிவிட்டது, ஊசியும் போட்டாகிவிட்டது. சூடான் நாட்டுக் கால்நடை டாக்டர், "கலாஸ், முடிந்தது, இனி இவன் ஐரோப்பியன்" என்றார். ஐரோப்பியன் திரும்பும் வழியெல்லாம் கார் சீட்டில் வாந்தி எடுத்தான்.

இங்கே வெயில் நாற்பத்தாறு. தார் ரோட்டில் காலை வைக்க முடியாததால் விடியும் முன்பே மிளகைக் கூட்டிப் போகிறேன். பிறகு டியூட்டி பஸ், ராஸ் லஃபான் பிளான்ட்டில் பன்னிரண்டு மணி நேரம், மறுபடி பஸ். வீட்டுக்கு வந்தால் சாப்பிடத் தோன்றுவதில்லை. மிளகுக்குச் சோறு வடிக்க வேண்டுமே என்றுதான் அடுப்பையே பற்றவைக்கிறேன். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நானும் சாப்பிட்டுவிடுகிறேன்.

லீவு கேட்கிறேன். பேசுவதைப் பற்றி அங்கே வந்து பேசலாம்.

அன்புடன்,
சேது

வியன்னா
11 செப்டம்பர் 2005

அன்புள்ள சேதுவுக்கு,

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டதாக போனில் சொன்னீர்கள், சந்தோஷம். அசல் சான்றிதழை மடிக்காமல் வையுங்கள். மிளகுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்க வேண்டும், கழுத்திலிருந்து வால் வரை அளந்து எழுதுங்கள்.

உங்களுக்கும் ஒரு பெரிய கோட்டு வாங்கிவிட்டேன். கடைக்காரி அளவு கேட்டாள். சட்டென்று சொல்ல வரவில்லை. பதினோரு வருஷம் உங்கள் சட்டைகளை மடித்தவள், கடையில் நின்று விழித்தேன். கடைசியில் அந்தக் கடையில் வேலை செய்த ஒருவரைக் காட்டி, இவர் மாதிரி, கொஞ்சம் தொப்பை குறைவு என்றேன். தொப்பை குறைவாகத்தானே இருக்கிறது?

லீவு என்ன ஆயிற்று என்று நீங்கள் சொல்லவே இல்லை.

அன்புடன்,
கலா

அல் கோர்
2 அக்டோபர் 2005

அன்புள்ள கலாவுக்கு,

மிளகு அறுபத்திரண்டு சென்டிமீட்டர். அளக்க விடாமல் டேப்பைக் கடித்துவிட்டான். இரண்டு சென்டிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம். தொப்பை பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

நீ மூன்றாம் முறை வந்துவிட்டுப் போன பிறகு ஒரு வாரம் மிளகு உன் அலமாரி முன்னாலேயே படுத்திருந்தான். அப்போது சொல்லவில்லை. இப்போது ஏன் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை. அசதியாக இருக்கிறது, மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

சேது

அல் கோர்
9 டிசம்பர் 2005

அன்புள்ள கலாவுக்கு,

நீ கோபித்துக்கொள்வாய். லீவு கிடைக்கவில்லை. பிளான்ட்டில் திடீர் ஷட்டவுன், எல்லாவற்றையும் நிறுத்திப் பழுதுபார்க்கிறார்கள், யாரையும் விடுவதில்லை. போனில் சொன்னால் நீ அழுவாயோ, அழாமல் இருப்பாயோ, இரண்டுமே எனக்குத் தாங்காது. அதனால் எழுதுகிறேன்.

மிளகை அனுப்புகிறேன். என்கூட வேலை செய்யும் ராஜீவும் அவர் மனைவி ஜெயபாரதியும் கிறிஸ்துமஸுக்கு வியன்னா வருகிறார்கள். 21ஆம் தேதி அவர்கள் விமானத்திலேயே, கூண்டில். காகிதமெல்லாம் ராஜீவ் கையில் இருக்கும். நீ விமான நிலையத்துக்கு வந்து வாங்கிக்கொள். அறையை ரத்து செய்யாதே, நீயும் அவனும் போய் வாருங்கள்.

சோற்றை ஆறவைத்துப் போடு. சூடாகப் போட்டாலும் தின்பான், பிறகு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு உன்னைத்தான் குற்றம் சொல்வது போலப் பார்ப்பான். லிப்ட் என்றால் பயம், தூக்கிக்கொள். வலது காதுக்கு வாரம் ஒருமுறை சொட்டு மருந்து, பெட்டியில் வைத்திருக்கிறேன். தனியாக விட்டுப் போவதானால் ரேடியோவைப் போட்டுவிடு. எந்த மொழியானாலும் பரவாயில்லை, யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும் அவனுக்கு.

சேது

சால்ஸ்பர்க்
26 டிசம்பர் 2005

சேதுவுக்கு,

மிளகு பத்திரமாக வந்து சேர்ந்தான். ரயிலில் அவனுக்கு வாய்மூடி போட வேண்டும், குழந்தைக்கான அரை டிக்கெட்டும் எடுக்க வேண்டும். கவுண்டரில் இருந்தவர், "எத்தனை பேர்?" என்றார். இரண்டு பெரியவர், ஒரு நாய் என்று ஜெர்மனில் சொல்வதற்கு நான் நவம்பரிலிருந்து பழகி வைத்திருந்தேன். ஒரு பெரியவர், ஒரு நாய் என்று சொன்னேன்.

இங்கே முழங்கால் வரை பனி. முதல் நாள் மிளகு வாசற்படியை விட்டு இறங்கவே இல்லை. ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தான். அடக்கிக்கொண்டே இருந்து, கடைசியில் விடுதிக்காரியின் செருப்பை நனைத்துவிட்டான். இப்போது பனியில் மூக்கை விட்டுக்கொண்டு ஓடுகிறான். விரல்களுக்கு நடுவில் பனி உருண்டையாகக் கட்டிக்கொள்கிறது, அறைக்கு வந்ததும் வெந்நீரில் கழுவிவிடுகிறேன். சந்தைக் கடையில் சுட்ட கஷ்கொட்டை வாங்கினேன். பாதிக்கு மேல் அவன்தான் தின்றான். ஊர் முழுக்க விளக்கு, பாட்டு. ஜோடி ஜோடியாகப் போகிறார்கள். நான் உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு நடக்கிறேன். என்னுடையதைவிட அதுதான் கதகதப்பு.

விமான நிலையத்தில் ஜெயபாரதி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. சேது சாருக்கு லீவு சாங்ஷன் ஆயிடுச்சு. அவரேதான் கேன்சல் பண்ணிட்டாரு. ஷட்டவுன் எல்லாம் ஒண்ணும் கெடையாது. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

மிளகின் பெட்டியைப் பிரித்தேன். ஒரு வாரத்துக்கு வருகிறவனுக்கு ஆறு மாத சொட்டு மருந்து எதற்கு? அவன் சாப்பிடும் தட்டு, படுக்கிற பாய், குட்டியாக இருந்தபோது போட்ட ஊசிச் சீட்டு வரை வைத்திருக்கிறீர்கள். இது என்ன என்று எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்லிக் கேட்க வேண்டும். ஏன் வரவில்லை?

கலா

அல் கோர்
8 ஜனவரி 2006

அன்புள்ள கலாவுக்கு,

பொய்தான். லீவு கொடுத்தார்கள், நான் வேண்டாம் என்றேன். அந்த நாலு நாளும் டியூட்டிக்குப் போனேன். கிறிஸ்துமஸ் அன்று பிலிப்பைன்ஸ்காரர்கள் கேக் கொடுத்தார்கள். அதைத் தின்றுவிட்டு வால்வுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உன் எதிரில் உட்கார்ந்தால், போதும், வந்துவிடு என்று சொல்லிவிடுவேன். எனக்குத் தனியாக இருந்து அலுத்துப்போய்விட்டது, கலா. நான் கேட்டால் நீயும் வந்துவிடுவாய். கல்யாணமான புதிதில் சென்னை வேலையை விட்டுவிட்டு அப்படித்தான் வந்தாய். பதினோரு வருஷம் என் விசாவில், இந்தச் சமையலறையில் கழித்தாய். இங்கே உனக்கு வேலை எதுவும் மாஃபி, கிடையவே கிடையாது என்று தெரிந்த பிறகும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். மறுபடி உன்னை அந்த மாதிரி இழுத்து வர மனசு வரவில்லை.

மிளகு இங்கே இருந்தால் அவனைச் சாக்காக வைத்து உன்னைக் கூப்பிடுவேன். அவனுக்கு உடம்பு சரியில்லை, உன்னைத் தேடுகிறான் என்றெல்லாம். அதனால் அனுப்பிவிட்டேன். அடுப்பு பற்றவைப்பது நின்றுபோனது. மெஸ்ஸில் சாப்பிடுகிறேன்.

அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிடு. நீ நன்றாக இருந்தால் போதும்.

சேது

வியன்னா
30 ஜனவரி 2006

அன்புள்ள சேதுவுக்கு,

இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை. ஜூலையில் உங்களுக்கு முதல் கடிதம் எழுதும்போதே போடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

நீங்கள் நல்லதை நினைத்துத்தான் செய்தீர்கள். படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். ஆனால் என்னை ஒன்று கேட்டிருக்கலாம். நீங்கள் கூப்பிட்டால் வந்துவிடுவேன் என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்தப் பழைய கலா வந்திருப்பாள். அவளுக்காக இரக்கப்பட்டு என்னைப் பார்க்க வராமல் இருந்துவிட்டீர்கள்.

அந்த அறையில் நீங்கள் வா என்று சொன்னால், முடியாது என்று சொல்வதற்குத்தான் ஆறு மாதமாக என்னைத் தயார் செய்துகொண்டிருந்தேன். வாழ்க்கையில் ஒரு முறையாவது உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் எழுந்து போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்களா என்று பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நீங்கள் நாயை அனுப்பினீர்கள்.

எனக்கும் அலுத்துவிட்டது, சேது. இனி நான் கூப்பிடப் போவதில்லை. கூப்பிடாமல் வந்தால் கதவைத் திறப்பேன்.

கலா