இடது பக்கம் ஒரு டொக்

மார்ச் 4

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. பழையதுதான், ஆனால் பார்த்தால் யாரும் பழையது என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு உறுத்துவதே அதுதான்.

நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப். மழைக்காலத்தில் பாதி வழியில் காரை நிறுத்திவிட்டு மருந்துப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடு பார்க்க மலைப் பண்ணைகளுக்கு ஏறியது இனி இல்லை. முன்பு வைத்திருந்தவர் ஆசை ஆசையாக மாற்றியிருக்கிறார். உடம்பை நாலு விரல் உயரம் தூக்கி, யானைக்கால் மாதிரி டயர் போட்டு, கூரையில் வரிசையாக விளக்குகள், முன்னால் சேற்றில் சிக்கினால் கட்டி இழுக்க ஒரு இரும்புக் கயிற்று உருளை. போன மாதம்தான் லைசென்ஸ் எடுத்த மகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள்.

விற்பனையாளர் பேச ஆரம்பித்ததிலிருந்து சாவி கையில் கொடுக்கும் வரை பல்லை மூடவே இல்லை. பல்லழகர் என்று பெயர் வைத்திருக்கிறேன். "கண்ணை மூடிட்டு ஓட்டலாம் மேடம்" என்றார். கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தேன். தரை விரிப்பு புத்தம் புதிது. சீட் பெல்ட்டின் நாடா புதிது, கொக்கி மட்டும் பழையது. ஏன்?

"உன் கண்ணுக்கு ஆண்டவனே வண்டி செஞ்சு குடுத்தாலும் எதையாவது கண்டுபிடிப்ப" என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு அவர் வைத்த பெயர் சிஐடி. கல்யாணமான புதிதில் வைத்தது.

மார்ச் 6

வண்டி விற்ற கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். தேன் தடவிய குரல். "வண்டி எப்படி இருக்கு மேடம்? ஏதாவது சத்தம், அதிர்வு?"

நல்லாயிருக்கு என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 11

இன்று நடுரோட்டில் மானம் போனது. சோதனைச் சாவடியில் போக்குவரத்து அதிகாரி ஓரம் கட்டச் சொன்னார். வண்டியைச் சுற்றி வந்தார், நான் மாட்டைச் சுற்றி வருவது போலவே.

"டயர் மட்கார்டைத் தாண்டி வெளிய நிக்குது. கூரை விளக்கை மூடாம ரோட்ல வரக் கூடாது. முன்னாடி இந்த இரும்பு, ஒரு ஆளு மேல பட்டா அவன் கதி என்ன? உயரத்தைக் கூட்டுனது பதிவுச் சான்றுல இருக்கா?"

"இப்படித்தாங்க குடுத்தாங்க."

"அவங்க குடுத்தாங்க, நீங்க வாங்கிட்டீங்க. ஓட்டுறவங்களுக்குத்தானே அபராதம்."

லஞ்சத்துக்குக் கையை எப்போது நீட்டப் போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீட்டவில்லை. ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த லாரியிடம் போய்விட்டார். அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது!

பல்லழகரைக் கூப்பிட்டுக் கேட்டால், "எல்லாரும் போடுறதுதான் மேடம். காட்டுக்குள்ள எவன் வந்து பாக்கப் போறான்?" காட்டுக்குப் போக ரோட்டைத்தானே தாண்ட வேண்டும்? அதற்கு ஒரு சிரிப்பு.

மார்ச் 12

தேன்குரல் மறுபடியும். இப்போது வேறு எண். "வண்டியை நீங்க மட்டும்தான் ஓட்டுறீங்களா மேடம்? வீட்டுல வேற யாராவது…? மேட்டுப் பாதையில போவீங்களா?"

உனக்கு எதற்கம்மா அது?

மார்ச் 17

பண்ணையிலிருந்து இறங்கும்போது, வளைவில் இடது பக்கம் ஒடித்தால் கீழே டொக் என்று ஒரு சத்தம். ஒரே ஒரு டொக். நேராக்கினால் இல்லை. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் 'ஆரம்பிச்சுட்டா சிஐடி' என்பார்.

மார்ச் 18

நேற்றுச் சத்தம் கேட்டது, இன்று காலையிலேயே தேன்குரல். "சத்தம் ஏதும் வருதா மேடம்?"

வண்டிக்குள் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா? நான் எங்கே போகிறேன், எப்போது வீட்டில் ஆள் இல்லை என்று நோட்டம் பார்க்கும் கும்பலா?

"ஒரு சத்தமும் இல்லை. நல்லா ஓடுது. இனிமே கூப்பிடாதீங்க" என்றேன்.

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "சரிங்க மேடம்."

மார்ச் 20

கம்பெனிக்கே கூப்பிட்டுக் கேட்டேன். வாடிக்கையாளரிடம் ஒரு தடவைதான் விசாரிப்பார்களாம், அதற்கு மேல் அவர்கள் தொந்தரவு செய்ய மாட்டார்களாம். பல்லழகரே லைனில் வந்தார். "எங்க பேரைச் சொல்லி யாரோ விளையாடுறாங்க மேடம். அந்த நம்பரை முதல்ல பிளாக் பண்ணுங்க." மத்தியானம் வீட்டுக்கே வந்துவிட்டார். கூரை விளக்குகளுக்கு உறை கொண்டு வந்து தன் கையாலேயே மாட்டினார். கழுத்துப்பட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. மகளுக்கு ஒரு தொப்பி.

ஆளைத் தப்பாக எடை போட்டுவிட்டேன் போலிருக்கிறது. அந்தப் பெண்ணின் எண்கள் இரண்டையும் பிளாக் செய்தேன், அவள் திருடிதான் என்று இவரிடமும் சொன்னேன். நிம்மதி.

மார்ச் 24

டொக். இன்றும் இடது பக்கம்தான். கொஞ்சம் பலமாகவா? என் பிரமையா?

மார்ச் 28, சனி

எழுதினால் தெளியும்.

மாலையில் ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு பெண், மடியில் கூடை, கூடைக்குள் பூனை. அவள் முறை வந்தது. பூனையைத் தூக்கி மேஜையில் வைத்தேன். கண் தெளிவு, மூக்கு ஈரம், கொழுகொழு என்று இருக்கிறது.

"பூனைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லைங்க மேடம். பக்கத்து வீட்டுப் பூனை."

அந்தக் குரல்! கூடை தட்டிக் கீழே விழுந்தது. நானா தட்டினேன், அவளா என்று தெரியவில்லை.

"யாரு நீ? யாரு அனுப்புனா உன்னை?"

"யாரும் அனுப்பலை. அந்த வண்டி உருண்ட வண்டி மேடம். பள்ளத்துல விழுந்து, அடிச்சட்டம் முன்னாடி இடது பக்கம் முறிஞ்சு, ஒட்டுப் போட்டுக் கறுப்பு அடிச்சிருக்காங்க. பட்டறை பில்லை நான் பாத்தேன். மேல தூக்கி, பெரிய டயர் மாட்டுனதுல பாரம் பூரா அந்த ஒட்டு மேலதான். ஆபீஸ் போன்ல எல்லாம் பதிவாகும், நேரா சொன்னா என் வேலை போயிடும். என் போன்லயும் சொல்லத் தைரியம் வரலை. சத்தம் வருதுன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, புகாராப் பதிஞ்சு வண்டியை உள்ள எடுக்க வச்சிருப்பேன். நீங்க நல்லா ஓடுது, நல்லா ஓடுதுன்னே…"

கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாமே. போட்டிக் கம்பெனிக்காரியாக இருக்கலாம். வேலையை விட்டுத் துரத்தப்பட்டவளாக இருக்கலாம். வண்டியைத் தன் ஆட்களிடம் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கிறாளோ என்னவோ.

"இடது பக்கம் ஒடிச்சா டொக்னு கேக்குதா மேடம்? அதை மட்டும் சொல்லுங்க."

"இல்லை" என்றேன். பூனையைக் கூடையில் போட்டு, "வெளிய போ" என்றேன். அவள் வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஏன் இல்லை என்று சொன்னேன்? திங்கட்கிழமை எங்காவது காட்டிவிடலாம். திங்கட்கிழமை.

மார்ச் 29, ஞாயிறு

விடியும்போதே பண்ணையிலிருந்து ஆள் வந்துவிட்டான். பசுவுக்குக் கன்று திரும்பிக் கிடக்கிறது. அவன் டிராக்டரிலேயே போனேன். ஜீப் வாசலில் நின்றது. வீட்டில் எல்லோரும் தூக்கம். யாரையும் எழுப்பவில்லை.

தோள் வரை கை உள்ளே. கன்றின் கால் விரலுக்கு அகப்படுகிறது, நழுவுகிறது, அகப்படுகிறது. மேல்சட்டைப் பையில் போன் டிங் டிங் என்று இரண்டு தடவை அடித்தது. பண்ணைக்காரரின் மனைவி எடுத்துப் பார்த்து எனக்கு வாசித்தாள்.

"உங்க வீட்டுக்காரர் படம் அனுப்பியிருக்காரு டாக்டரம்மா. உங்க பொண்ணு பெரிய வண்டி ஓட்டுது. 'அருவிப் பாதைக்குக் கிளம்பிட்டோம், சிஐடிக்குத் தகவல்'னு போட்டிருக்கு."

அருவிப் பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றும் கிடையாது.

டொக் என்று கேட்டதை நான் உலகத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்புறம் அவளுக்கு எப்படித் தெரியும்? நேற்றே தெரிந்துவிட்டது எனக்கு. தெரிந்துதான் துரத்தினேன்.

"கூப்பிடு. அவரைக் கூப்பிட்டு என் காதுல வை."

"கையி உள்ள…"

"வைம்மா!"

எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. பசு முக்குகிறது, என் கை நெரிகிறது. அவள் ஒரு கையால் போனையும் மறு கையால் என் நெற்றி வியர்வையையும் பார்த்துக்கொண்டாள். கடைசியில் எடுத்தார். பின்னால் பாட்டுச் சத்தம்.

"நிறுத்துங்க. வண்டியை இப்பவே நிறுத்துங்க. இறங்குங்க ரெண்டு பேரும்."

"ஏய், என்ன ஆச்சு? சும்மா நல்லாத்தான் ஓட்டுறா…"

"அந்த வண்டி உடைஞ்ச வண்டிங்க. ஒட்டுப் போட்டது."

"யாரு சொன்னா?"

"அந்தப் போன் பொண்ணு."

"நீதானே அவளைத் திருடின்னு சொன்ன? உன் சந்தேகத்துக்கு ஒரு அளவே கிடையாதா? போன வாரம் அவ திருடி, இந்த வாரம் அவ சொன்னா வேதமா?"

அப்போது அவர் பக்கத்திலிருந்து மகளின் குரல், பாட்டுக்கு மேல் கத்தி: "அப்பா, கீழ என்னமோ டொக்டொக்னு கேக்குது, ஸ்டீயரிங் உதறுது. நிறுத்தட்டா?"

பாட்டு நின்றது. எல்லாம் நின்றது. கைப்பிரேக் இழுக்கும் சத்தம். கதவு. இன்னொரு கதவு.

"இறங்கிட்டோம்" என்றார். வேறு குரல்.

கன்று பிழைத்துக்கொண்டது. கிடேரி. நான் சாணித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பண்ணைக்காரி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மார்ச் 30

வண்டியை இன்னொரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்புப் பூச்சு செதில் செதிலாக விட்டிருந்தது. ஒட்டுப் போட்ட இடம் வாய் பிளந்திருக்கிறது. என் சுண்டு விரல் நகம் உள்ளே போனது.

இவர் பக்கத்தில் குந்தியிருந்தார். பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டபோது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சிஐடி இல்லை.

ஏப்ரல் 3

போக்குவரத்து அலுவலகத்தில் சோதித்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்த வண்டி இனி ரோட்டில் வரக் கூடாது. பல்லழகர், "நீங்க காட்டுல ஓட்டி உடைச்சிருக்கீங்க மேடம்" என்கிறார். இப்போது பல் தெரியவில்லை.

ஏப்ரல் 9

கம்பெனி மேலாளர் தன் அறைக்கு அழைத்தார். குளிரூட்டிய அறை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாகப் பெண்கள், காதில் கருவி. நாலாவது நாற்காலியில் அவள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"புது வண்டியே தர்றோம் மேடம். இப்பவே கையெழுத்துப் போடலாம். ஒரே ஒரு உதவி. ஒட்டுப் போட்ட விஷயம் உங்களுக்கு யார் சொன்னது? எங்க ஆளுங்கள்ல யாரோ பேசியிருக்காங்க."

புது வண்டி. மழைக்காலம் வேறு நெருங்குகிறது. மருந்துப் பெட்டியின் கனம் தோளுக்குத் தெரியும். ஒரு பெயர்தானே? எனக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. நாலாவது நாற்காலி என்றால் போதும்.

"நான் மாட்டு டாக்டருங்க. எந்தக் கால் நொண்டுதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன். நுகர்வோர் நீதிமன்றத்துல பாத்துக்கலாம்."

வெளியே வரும்போது கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 21

வழக்கு பதிவாகிவிட்டது. தேதி தள்ளிப் போயிருக்கிறது. ஜீப் வாசலில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. இன்று பழைய காரைப் பாலத்தடியில் நிறுத்திவிட்டு நடந்தே ஏறினேன். பாதி தூரம் மகள் பெட்டியைத் தூக்கி வந்தாள். "உனக்கு மூச்சு வாங்குதும்மா" என்றாள். அவளுக்கும்தான் வாங்கியது.

மே 6

நேற்று அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள், பூனை இல்லாமல். வேலையை விட்டுவிட்டாளாம். யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவளாகவே. "அந்த நாற்காலியில உக்கார முடியலை மேடம்." வேறு ஊரில் டயர் கடையில் கணக்கு எழுதப் போகிறாள். நான் மன்னிப்பு கேட்டேன். என்னால் சரியாகக் கேட்க முடியவில்லை. அவளும் கேட்டது போதும் என்கிற மாதிரி தலையாட்டினாள்.

போகும்போது சொன்னாள், அதே பட்டறையில் ஒட்டுப் போட்ட இன்னொரு வண்டியும் விற்றிருக்கிறார்களாம். வாங்கியவர் தேன் வியாபாரி. மனைவியும் கைக்குழந்தையுமாக மலைக்குப் போய் வருகிறவர். அவள் கூப்பிட்டு அலுத்துவிட்டாள், அவர் எடுப்பதே இல்லை. எண்ணை என்னிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இன்று நான் கூப்பிட்டேன். எடுத்தார்.

"வண்டி எப்படி இருக்குதுங்க? ஒடிச்சுத் திருப்பும்போது கீழ ஏதாவது சத்தம் வருதா?"

"யாரும்மா நீ? எதுக்குக் கேக்குற?"

"நான் ஒரு மாட்டு டாக்டருங்க. அந்த வண்டி…"

"மாட்டு டாக்டருக்கும் என் வண்டிக்கும் என்னம்மா சம்பந்தம்? ஏமாத்துறதுக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் போகவில்லை. பிளாக்.

இவர் தன் போனை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். "காலையில இதுலேர்ந்து கூப்பிடு. இதையும் பிளாக் பண்ணுனா நம்ம பொண்ணு நம்பர் இருக்கு."